டிக்கியில் பாரம் இருந்தபோது பாடாத செட் குறித்து

என் மகன் காருக்குள் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனதால் லாரியின் ஹாரன் காதில் விழாமல், தன் கவனக்குறைவாலேயே இறந்தான் என்று இந்தக் காவல் நிலையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது பொய். லாரி இடித்த நேரத்தில் அந்தக் காரில் பாட்டு ஓடவில்லை, ஓடியிருக்கவும் முடியாது. இதைச் சொல்லவே நான் வந்திருக்கிறேன். யாரும் என்னை அழைத்து வரவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

என் பெயரும் விலாசமும் இத்தாளின் தலைப்பில் எழுத்தர் எழுதியுள்ளபடி. வயது எழுபத்தொன்று. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில், தகரக் கூரை போட்ட கடையில் கார்களின் பாட்டு செட், அதன் சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப், ஸ்பீக்கர், அடிச்சத்தம் தரும் சப்வூஃபர் ஆகியவற்றைப் பழுது பார்க்கிறேன். கடைக்குப் பின்னால் என் வீடு. நான் யாரிடமும் வேலை கற்கவில்லை. கெட்டுப்போன செட்டுகளைக் கழற்றிப் பார்த்துக் கற்றேன். கடைத்தெருவில் என்னை இரைச்சல்காரர் என்பார்கள். என்ஜினை முறுக்கினால் ஸ்பீக்கரில் கேட்கும் இரைச்சலை நிறுத்தித் தருவதால் அந்தப் பெயர் வந்தது.

இறந்தவன் என் ஒரே மகன். டைல்ஸ் கம்பெனியில் விற்பனையாளன். மாதிரிப் பெட்டிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டு கட்டடம் எழும்பும் இடங்களுக்குப் போவான். ஊரின் மறுகோடியில் என் மருமகளோடு குடியிருந்தான். காரில் உள்ள செட்டை அவனே வாங்கி அவனே பொருத்தினான். ஆம்ப் டிக்கிக்குள், பின்சீட்டின் முதுகில் இருக்கிறது. நான்கு கதவு ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் அந்த ஒரே ஆம்பிலிருந்துதான் ஓடுகின்றன. ஆம்ப் ஊமையானால் கார் முழுவதும் ஊமை. சாவி இல்லாமலும் செட்டை ஆம்போடு சேர்த்துப் போட ஒரு தனி சுவிட்ச் வைத்திருந்தான். அது வேண்டாம் என்று நான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அந்தப் பிடிவாதம் அவனுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, அவன் அம்மா சாது.

சென்ற ஆண்டிலிருந்து அந்த செட் அவ்வப்போது ஊமையானது. ஆம்பின் பச்சை விளக்கு சிவப்பாகிவிடும். ஆம்ப் தனக்கு ஆபத்து என்று கண்டால் அப்படித்தான் தன்னை அடைத்துக்கொள்ளும். அவன் காரை என் கடைக்குக் கொண்டு வந்தான். நான் ஃபியூஸ், பேட்டரி வயர், ஸ்பீக்கர் வயர், சப்வூஃபரின் கம்பிச் சுருள் எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். பழுது தெரியவில்லை, செட் நன்றாகப் பாடியது. அதன் பிறகும் சில முறை கொண்டு வந்தான், அப்போதும் பாடியது.

“உங்க கடைக்கு வந்தா மட்டும் ஒழுங்காப் பாடுதுப்பா” என்றான்.

“வண்டிக்காவது என்கிட்ட பயம் இருக்கே” என்றேன்.

டிக்கியில் சாமான் உள்ள காரை நான் தொடமாட்டேன் என்பது என் கடையின் விதி. சாமான் காணோம், உடைந்தது என்று பின்னால் பேச்சு வரக்கூடாது. டிக்கியைக் காலி செய்த பிறகே காரைக் கொண்டு வரவேண்டும். மகன் என்பதால் அவனுக்கு விலக்கு கொடுத்ததில்லை.

சம்பவ தினத்தன்று காலையில் அவன் போனில் கூப்பிட்டான். “அப்பா, இப்ப செத்துக் கெடக்கு, சிவப்பு லைட்டு. சரியாகுறதுக்குள்ள அப்படியே கொண்டு வரவா?” என்று கேட்டான். “டிக்கி காலியா?” என்றேன். “இல்ல, முழு லோடு” என்றான். “எறக்கிட்டு வா” என்றேன். “சரி, நீங்க மாறவா போறீங்க” என்று சிரித்து வைத்துவிட்டான். அதன் பிறகு அவன் குரலை நான் கேட்கவில்லை.

அவன் ஏன் அந்தச் சாலையில் போனான் என்று முதல் விசாரணையில் கேட்டார்கள், அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளவும். போனில் பேசியபோது அவன் நின்ற இடத்திலிருந்து என் கடைக்கு வர, விபத்து நடந்த நாற்சந்தி குறுக்கிடாது. அது அவன் கம்பெனிக் கிடங்குக்குப் போகும் வழி. பெட்டிகளை இறக்கப் போனான்.

அந்த நாற்சந்தியில் மணல் லாரி காரின் வலப்பக்கம் இடித்தது. டிக்கிக்கும் பேட்டரிக்கும் சேதமில்லை. அதன் பிறகு காரை இந்த நிலையத்தின் பின்முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். பரிசோதித்த மெக்கானிக் டிக்கியில் இருந்த பெட்டிகளை எல்லாம் இறக்கிவைத்துவிட்டு செட்டைப் போட்டிருக்கிறார். வால்யூம் உச்சத்தில் இருந்தது, செட் முழுச் சத்தத்தில் பாடியது. அதைத்தான் எழுதினார். அந்த மெக்கானிக் மேல் எனக்குக் குறை இல்லை. காலி செய்துதான் எவரும் பார்ப்பார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். வால்யூமைப் பொறுத்தவரை, ஊமையான செட்டைக் கண்டால் எவர் கையும் அதைத்தான் திருகும்.

அதன் பிறகு காரை எங்களிடம் ஒப்படைத்தார்கள். அதை நிறுத்த என் கொட்டகையில்தான் இடம் இருந்தது. கார் வந்த அன்றே மருமகளும் ஒரு பையோடு வந்துவிட்டாள். பெட்டிகளை நான் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அவள் அனுப்பவில்லை. மறுநாள் நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, உடைந்த டைல்ஸோடு எல்லாவற்றையும் டிக்கியில் அவன் அடுக்குகிற மாதிரியே அடுக்கிக்கொண்டிருந்தாள். பேட்டரிக்குச் சார்ஜர் போட்டு ஆம்பின் சுவிட்சையும் போட்டிருந்தாள். அவன் கடைசியாகக் கேட்ட பாட்டு எது என்று தெரிய வேண்டும் என்றாள். செட் பாடவில்லை.

“மாமா, அவரு சொல்ற செவப்பு லைட்டு இதுதானே?” என்றாள்.

நான் குனிந்து பார்த்தேன். சிவப்புதான். அதன் பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். வலது மூலையில் இருந்த பெட்டியைத் தூக்கியதும் சப்வூஃபரில் தொப்பென்று ஒரு சத்தம் வந்து, விளக்கு பச்சையாகி, பாட்டு நடுவிலிருந்து தொடங்கியது. அது என்ன பாட்டு என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. மருமகள் டிக்கியைப் பார்க்கவில்லை, ஓட்டுநர் சீட்டைப் பார்த்தாள்.

அதன் பிறகு விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஆம்பிலிருந்து கரண்ட் திரும்பிப் போகும் எர்த் வயர் டிக்கித் தரைத் தகட்டில் ஒரு போல்ட்டில் முடுக்கப்பட்டிருக்கிறது. பெயின்ட் கரண்டை விடாது, அதை அடியில் சுரண்டாமல் முடுக்கியிருக்கிறான். பாரம் ஏறினால் தகடு பள்ளமாகி வயரின் வளையம் ஒரு பக்கம் தகட்டை விட்டுத் தூக்கிக்கொள்கிறது. எர்த் அரைகுறையாகி, ஆம்ப் சிவப்பு விளக்கோடு ஊமையாகிறது. பாரம் இறங்கினால் வளையம் திரும்ப ஒட்டுகிறது. பெட்டியை வைத்தும் எடுத்தும் பலமுறை பார்த்தேன், ஒருமுறையும் மாறவில்லை. லாரி இடித்தபோது பெட்டிகள் டிக்கியில் இருந்தன என்று உங்கள் சம்பவ இட அறிக்கையிலேயே உள்ளது.

இந்த இடத்தில் எழுத்தர், “பெரியவரே, லாரிக்காரனை விட்டுட்டு போல்ட்டைப் பத்தியே பேசுறீங்களே” என்றார். “போல்ட்டு புடிக்கல, அதனால பாட்டு இல்ல. பாட்டு இல்லன்னா ஹாரன் கேட்டிருக்கணும். அதை எழுதுங்க தம்பி” என்றேன். வெளிச்சத்தம் தடையில்லாமல் உள்ளே வரும்படி இடப்பக்கக் கண்ணாடிகள் இறங்கியிருந்தன என்பதும் உங்கள் அறிக்கையில்தான் இருக்கிறது.

அதன் பிறகு நான் லாரி ஓட்டுநரைத் தேடிப் போனேன். மணல் குவிக்கும் இடத்தில் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தார். என் மகனைவிட இளையவர். என்னை அடையாளம் கண்டு எழுந்து நின்றார்.

“நீ பாட்டுச் சத்தம் கேட்டியா தம்பி?”

“பாட்டுன்னு நான் சொல்லலீங்க ஐயா. தொப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன். எழுதினவரு ‘அப்ப பாட்டுதான்’னு எழுதிக்கிட்டாரு.”

“எப்பக் கேட்டுச்சு?”

“இடிச்ச அப்புறம். எல்லாம் நின்ன அப்புறம். நான் எறங்கி ஓடுறேன், அப்ப உள்ளேயிருந்து ஒரே ஒரு தடவை.”

இடித்த வேகத்தில் பெட்டிகள் நகர்ந்து, பாரம் விலகி, எர்த் ஒரு கணம் ஒட்டியிருக்கிறது. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. அதன் பிறகு, “ஹாரன் அடிச்சியா?” என்று கேட்டேன். அவர் காற்றுக் குழாயைக் கையில் சுற்றினார், பிறகு பிரித்தார். “அடிச்சிருப்பேன் ஐயா. எப்பவும் அடிப்பேன்” என்றார். அவரோடு நான் சண்டை போடவில்லை.

பெட்டிகள் திரும்பவும் டிக்கியில்தான் இருக்கின்றன. சுவிட்சை அணைக்க மருமகள் விடுவதில்லை, சார்ஜரையும் அவளே போடுகிறாள். வெயில் ஏறிக் கொட்டகைத் தகரம் சுடும்போதும், சாயங்காலம் குளிரும்போதும் டிக்கித் தகடு அசைந்து, யாரும் தொடாமலே காருக்குள் தொப்பென்று கேட்கிறது. அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறாள். தகடு சூட்டில் விரிகிறது என்று அவளுக்கு விளக்கினேன். “தெரியும் மாமா” என்றாள். எனக்கும் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு முறையும் கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு நானும் எழுந்து போகிறேன்.

எழுத்தர் இதுவரை எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். என் மகன் பாட்டு கேட்டுக்கொண்டிருந்ததாக ஓரிடத்தில் பழக்கத்தில் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தார். மற்றவை நான் சொன்னவை, நடந்தவை. யாருக்கும் பயந்தோ யாரையும் பழிவாங்கவோ சொல்லவில்லை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன்.

செய்ய வேண்டியவற்றையும் இதன் கீழேயே எழுதச் சொன்னேன். காரைப் பரிசோதித்த அதே மெக்கானிக் என் கொட்டகைக்கு வந்து, பெட்டிகளை இறக்காமல் செட்டைப் போட்டுப் பார்த்து, கண்டதை எழுதித் தர வேண்டும். அவர் வரும்வரை அந்த போல்ட்டை நான் உட்பட யாரும் தொடக்கூடாது. விசாரணை அதிகாரி லாரி ஓட்டுநரை மறுபடி அழைத்து, ஹாரனைப் பற்றி மட்டும் கேட்டு, அவர் வாயில் வந்த சொல்லையே எழுத வேண்டும். ‘தன் கவனக்குறைவால்’ என்ற சொற்களை, அவற்றை எழுதிய அதிகாரியே தன் கையால் அடித்துக் கையெழுத்திட வேண்டும், வேறு யாரும் அவருக்காகச் செய்யக்கூடாது. மருமகளை நிலையத்துக்கு அழைக்கக்கூடாது, கேட்க வேண்டியதை வீட்டுக்கு வந்து கேட்கட்டும். இவை எல்லாம் முடிந்த பிறகு பெயின்ட்டைச் சுரண்டி போல்ட்டை முடுக்கி, சுவிட்சை அணைப்பது என் வேலை. நான் அதை அணைக்கும் முன்பே, அன்று காலையிலேயே மருமகளின் அண்ணன் வந்து அவளை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும்.