வலது கைப்பிடி

மாடிப்படி ஏறும்போது நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன். மூன்று படியானாலும் சரி, முப்பது படியானாலும் சரி. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு மேலே ஓடும்போது, நான் ஒருத்தன் மட்டும் ஓரமாகக் கைப்பிடியைத் தடவிக்கொண்டு போவதைப் பார்த்து என் மச்சான்மார்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்களில் இரண்டு பேருக்குக் கால் உடைந்திருக்கிறது. என் உடம்பில் ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது.

என் பெயர் தில்லைநாதன். வயது ஐம்பத்து மூன்று. ஊர் சிதம்பரம். சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். 2007இல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, கடலூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் வாத்தியாராகச் சேர்ந்தேன். விமானக் கம்பெனி வேலைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு, அபாயத்தை அது வருவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. இன்ஸ்பெக்டர் தங்கம்மாள் வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லியிருக்கிறார். அறிக்கை எழுதுவது எனக்குப் புதிதில்லை. மார்ஜின் விட்டு எழுதுகிறேன்.

எதையும் சந்தேகப்படுவது என் தொழில். தினமும் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் போவேன். ஏறியதும் அவசர வழிக் கதவைப் பார்ப்பேன். அதைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தால் கண்டக்டரிடம் கேட்பேன். "எறங்கி நடந்து வா சார், ஒரு ஆபத்தும் வராது" என்பார். இப்படிப்பட்ட ஜனங்களின் பிள்ளைகளுக்குத்தான் நான் பாடம் எடுத்தேன்.

பயிற்சி நிலையத்தின் முதலாளி கலியமூர்த்தி. ரைஸ் மில்லை மூடிவிட்டு, அதே கட்டடத்தில் ஏவியேஷன் அகாடமி என்று போர்டு மாட்டியவர். நெல் காயப்போட்ட சிமெண்டுக் களத்தில், பழைய இரும்புக் கடையில் வாங்கிய விமானப் படிக்கட்டு ஒன்று நின்றது. சக்கரம் வைத்தது, பன்னிரண்டடி உயரம். விமானம் கிடையாது. எதிர்ச் சுவரில் பெயிண்டரை வைத்து விமானக் கதவு ஒன்றை வரைந்திருந்தார்கள். பிள்ளைகள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு, வியர்த்து வழிய மேலே ஏறிப் போய், வரைந்த கதவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கும். ஏறும்போது வலது கை வலது கைப்பிடியில் இருக்க வேண்டும். அது நான் போட்ட சட்டம். மறந்தவர்களை முதல் படியிலிருந்து மறுபடி ஏறவைப்பேன்.

வாசலில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தேன். எங்கே எந்த அபாயத்தைப் பார்த்தாலும் ஒரு சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எல்லோர் முன்னாலும் திறந்து படிப்பேன். ஆளைக் குறை சொல்லாதே, முறையில் குறையைத் தேடு என்பது என் முதல் பாடம். இதை இப்போதும் நம்புகிறேன்.

ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு உண்மைச் சம்பவம் சொல்வேன். 2005இல் சென்னையில் பெட்டி இழுக்கும் டிராக்டர் ஒன்றின் பிரேக் பிடிக்காமல், கண்ணாயிரம் என்ற சுமைதூக்கும் தொழிலாளி வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் நசுங்கிச் செத்தான். பிரேக் சரியில்லை என்று டிரைவருக்குப் பத்து நாளாகத் தெரியும். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும் என்று முடிப்பேன். பெண் பிள்ளைகள் சில பேர் அழுதுவிடும்.

2009 ஜூலையில் கலியமூர்த்தி ஒரு புது ஆளைச் சேர்த்தார். குறிஞ்சிப்பாடிக்காரன், பெயர் அன்பரசு, வண்டி ஓட்டப் பயிற்சி கொடுக்க வந்தவன். நான் சம்பவம் சொல்லிக்கொண்டிருந்த அன்று வராந்தாவில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறான். வகுப்பு முடிந்ததும் வந்து கும்பிட்டான்.

"சார், நல்லாருக்கீங்களா. என்ன ஞாபகம் இருக்கா சார்?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த டிராக்டரை ஓட்டியவன் அவன்தான்.

"அந்த டிரைவரு எழுதிக் குடுத்தான் சார். உங்க கையிலதான் குடுத்தான்."

உண்மைதான். கொடுத்தான். அன்றைக்கு டிராக்டர் பற்றாக்குறை, ஒன்றை நிறுத்தினால் மேலிடம் என்னைப் பிடித்து உலுக்கும். அதனால் சீட்டை மேஜை டிராயரில் வைத்தேன். விசாரணையில் கேட்டபோது அப்படி ஒரு சீட்டு வரவே இல்லை என்றேன். அவனுக்கு வேலை போயிற்று. எனக்குத் தூக்கம் போகவில்லை, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

"இப்ப என்னப்பா பண்ணணுங்கற?" என்று கேட்டேன்.

"ஒன்னும் வேணாம் சார். வேல போனது போயிடுச்சு. கண்ணாயிரம் பொண்டாட்டி இன்னிவரைக்கும் என் மூஞ்சில முழிக்க மாட்டேங்குது. பேட்ச் முடியற அன்னிக்கு விழா வெப்பாங்கல்ல, பசங்க முன்னாடி, பெத்தவங்க முன்னாடி ஒருவாட்டி சொல்லிடுங்க. அவன் எழுதிக் குடுத்தான், நான்தான் பாக்கலன்னு. போதும் சார். மஞ்சத் தாளு இன்னும் என்கிட்ட பத்திரமா இருக்கு, உங்க கையெழுத்தோட."

அந்தச் சீட்டு இரண்டு பிரதி. வெள்ளை எங்களுக்கு, மஞ்சள் எழுதியவனுக்கு. நான் அதை மறந்திருந்தேன். சிதம்பரத்தில் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கென்று இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான்.

"நீங்க சொல்லலன்னா நான் சொல்ல வேண்டியதாயிடும் சார்" என்றான். அதையும் பணிவாகத்தான் சொன்னான். அந்தப் பணிவு எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை விழா என்று முடிவாயிற்று. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெட்டியில் ஒரு சீட்டு கிடந்தது. வெள்ளிக்கிழமைதான் திறப்பேன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தன. நான் தினமும் திறப்பேன். படிக்கட்டின் உச்சியில், மேடையின் வலது கைப்பிடியைப் பிடித்திருந்த ஆணி துருப்பிடித்து விழுந்துவிட்டது என்றும், பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கட்டுக்கம்பி வாங்கி இறுக்கிக் கட்டி, சிவப்பு ரிப்பன் தொங்கவிட்டிருப்பதாகவும் எழுதியிருந்தது. பெயர் இல்லை. ஆனால் அது பிரிசில்லாவின் கையெழுத்து. முதுநகரிலிருந்து வரும் பெண், என் மாணவர்களிலேயே கெட்டிக்காரி. போய்ப் பார்த்தேன். ஆறு முறுக்கு போட்டிருந்தாள். நல்ல கட்டு.

சீட்டைப் பெட்டியிலேயே திரும்பப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். எனக்கு டீ பழக்கம் இல்லை. பிரிசில்லாவைக் கூப்பிட்டு, சீட்டுப் புத்தகத்தில் ஐம்பது பிரதி எடுத்து வா என்று ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன். பதினோரு மணிக்கு அன்பரசுவை மேலே ஏறி, படிக்கட்டு வண்டியை விமானத்தோடு எப்படிச் சேர்க்க வேண்டும் என்று விளக்கச் சொன்னேன். நானும் கூட ஏறி அவனை அறிமுகம் செய்துவிட்டு இறங்கினேன். அவன் பிள்ளைகள் பக்கம் திரும்பி, வழக்கம்போல வலது கைப்பிடியில் இடுப்பைச் சாய்த்து, இரண்டு கையையும் ஆட்டிப் பேச ஆரம்பித்தான். கைப்பிடி வெளியே சாய்ந்தது. அவனும் அதோடு மல்லாக்கப் போனான். சிமெண்டுத் தரை. இரண்டாம் நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

பிரிசில்லா திரும்பி வந்தபோது அவனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு நான் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்து அந்தச் சீட்டைப் படித்தேன். ஒரு மணி நேரம் முன்னால் திறந்திருக்கக் கூடாதா என்று கலியமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். முறைப்படி பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்றேன். படிக்கட்டின் அடியில் கட்டுக்கம்பி அவிழ்ந்து கிடந்தது.

விழாவைத் தள்ளிவைத்தார்கள். அந்தப் பெண் சோறு தண்ணி இல்லாமல் அழுதது. தான் கட்டிய கட்டு அவிழ்ந்துதான் ஓர் ஆள் செத்துவிட்டான் என்று அவள் அப்பா தேவசகாயத்திடம் சொல்லிச் சொல்லி அரற்றியிருக்கிறாள். அவர் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார். "ரெண்டு வார்த்த சொல்லுங்க சார், நீங்க சொன்னா கேக்கும்" என்றார். நான் அவள் தலையில் கை வைத்து, "அழாதம்மா, இன்னும் ரெண்டு முறுக்கு போட்டிருக்கலாம், அடுத்தவாட்டி கவனமா இரு" என்றேன்.

பதினோராம் நாள் இன்ஸ்பெக்டர் தங்கம்மாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு பையன் செல்போனில் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார். நான் அன்பரசுவோடு படியேறுகிறேன். இடது பக்கம் ஒட்டி, இடது கையால் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். மேலே போனதும் வலது பக்கம் என் சட்டைகூடப் படாமல் ஒதுங்கி நிற்கிறேன்.

"எல்லாப் புள்ளைங்களையும் வலது கைய வெக்கச் சொல்லி உசுர வாங்குற வாத்தியாரு நீங்க. அன்னிக்கு மட்டும் ஏன் சார் இடது பக்கம் போனீங்க?"

அவர் ஒரு மஞ்சள் தாளை மேஜையில் வைத்தார். அன்பரசுவின் சம்சாரம் பொன்னி பீரோவிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து கொடுத்ததாம். என் கையெழுத்து நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு மழுப்புவது மரியாதையாக இருக்காது.

இதில் ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் தொழிலில் எந்த அபாயத்துக்கும் இரண்டு எண் போடுவோம். நடக்கும் வாய்ப்பு ஒன்றிலிருந்து ஐந்து. விளைவு ஒன்றிலிருந்து ஐந்து. பெருக்கி வருவது பதினைந்தைத் தாண்டினால் வேலையை நிறுத்த வேண்டும். அன்பரசு அந்தப் பக்கம் சாய்வது நிச்சயம் என்பதால் ஐந்து போட்டேன். ஒரு மாதமாக அவனைக் கவனித்து, சாயாதே என்று பதிவேட்டில் இரண்டு தரம் எச்சரித்தும் இருக்கிறேன். விளைவுக்கு மூன்று போட்டேன். கையோ காலோ உடையும், விழாவுக்கு வரமாட்டான், அவ்வளவுதான். பதினைந்து. அளவைத் தாண்டவில்லை. அதன் பிறகுதான், டீ இடைவேளையில், ரிப்பனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆறு முறுக்கையும் கைக்குட்டையால் பிடித்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் இன்ஸ்பெக்டர் எழுந்து போய், வெளியே பெஞ்சில் அப்பாவோடு உட்கார்ந்திருந்த பிரிசில்லாவை உள்ளே கூட்டி வந்தார். "இந்தப் பொண்ணுகிட்ட உங்க வாயால சொல்லுங்க" என்றார்.

"நீ சரியாத்தாம்மா கட்டியிருந்த. நான்தான் அவுத்தேன்" என்றேன்.

அவள் அழவில்லை.

"அப்ப இன்னும் ரெண்டு முறுக்கு போட்டிருக்கலாம்னு ஏன் சார் சொன்னீங்க? பதினோரு நாளா நான் தூங்கல சார்."

அவள் கேட்டதற்கு அங்கே பதில் சொல்ல இன்ஸ்பெக்டர் விடவில்லை, கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்விட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன், அவளிடம் படித்துக் காட்டுங்கள். நான் பொய் சொல்லவில்லை. டீ இடைவேளை பதினைந்து நிமிடம். ஆறாவது முறுக்கை அவிழ்க்கும்போதே பிள்ளைகள் திரும்பி வரும் சத்தம் கேட்டுவிட்டது. இன்னும் இரண்டு முறுக்கு இருந்திருந்தால் எனக்கு நேரம் போதாமல் போயிருக்கும், அன்பரசுவும் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். ஆளைக் குறை சொல்வது என் பழக்கம் இல்லை. ஆனால் இந்தச் சம்பவத்தில் குறை எங்கே என்று கேட்டால், அந்த ஆறு முறுக்கில்தான்.