இடது மூலை

ஸ்பீக்கர் வாங்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை, ஐயா. வாங்கிய பிறகு அதை எங்கே வைக்கிறான் என்பதில்தான் மனிதனின் யோக்கியதை தெரியும். பெரும்பாலானவர்கள் ஒன்றை டிவி பக்கத்திலும் இன்னொன்றைப் பூந்தொட்டிக்குப் பின்னாலும் செருகிவிட்டு, "சத்தம் நல்லா வருதுல்ல?" என்று கேட்பார்கள். வரும். மிக்ஸியிலும்தான் நன்றாக வருகிறது.

நான் கட்டட வரைபடம் போடுகிற ஆள். இருபத்தாறு வருடம் அங்குலம் பிசகாமல் கோடு போட்டுப் பழகிய கை. ஆகவே முதலில் கூடத்தை அளந்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எட்டடி. ஒவ்வொன்றிலிருந்தும் என் நாற்காலிக்கு அதே எட்டடி. பிசகாத முக்கோணம். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, கொஞ்சம் உள்பக்கம் திருப்பி, உட்கார்ந்திருப்பவன் காது உயரத்துக்கு. தரையில் சாக்பீஸால் குறி போட்டேன். மூன்று வாரம் பிடித்தது. கல்யாணம் ஆகாதவனுக்கு இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும்.

எல்லாம் கூடி வந்தது. நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் இடது மூலை மட்டும் காலை வாரியது. தாழ்ந்த சுரம் வந்தால் அங்கே போய்த் தேங்கிக்கொண்டு, பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிறவன் மாதிரி உறுமும். ஸ்பீக்கர் விற்ற கடைக்காரரை வரவழைத்தேன்.

"அந்த மூலைல மெத்துமெத்துனு கனமா எதையாவது போடுங்க சார். அடங்கிரும்," என்றார்.

மெத்துமெத்தென்று கனமாக என் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அண்ணன்.

அண்ணன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அண்ணி முன்பே காலமாகிவிட்டார். ஒரே மகளுக்கு எங்கோ தூர தேசத்தில் வேலை. என்னிடம் வந்து உள் அறையில் கிடந்தார். அவரைக் கட்டிலோடு கூடத்துக்குக் கொண்டுவந்து மூலையில் சேர்த்தேன்.

"கூடத்துக்கே கூட்டிட்டு வந்துட்டியா? உனக்குப் பெரிய மனசுடா," என்றார் பாதி வாயால்.

உறுமல் நின்றது. நானும் சந்தோஷப்பட்டேன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் சந்தோஷம் வருவது அபூர்வம்.

கட்டில் மட்டும் போதாதா என்று கேட்கிறீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அவரை ஸ்கேன் எடுக்க ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெறும் மெத்தையோடு கேட்டுப் பார்த்தேன். உறுமியது. அவர் திரும்பி வந்து படுத்தார். அடங்கியது. ஒரு ஆளால் அவ்வளவு வித்தியாசம் வரவே வராது என்று கடைக்காரர் உங்களிடம் சொன்னாராம். அவருக்குக் கடை இருக்கிறது, காது இல்லை.

பிறகு பிசியோதெரபிக்கு ஒரு பெண் வந்தார். அண்ணன் மகளின் ஏற்பாடு. காலை மடக்கி நீட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்து, ஐந்தாவது வாரம் சொன்னார்: "நல்ல முன்னேற்றம் சார். விடாம செஞ்சா ரெண்டே மாசத்துல வாக்கர் பிடிச்சு நடந்துருவாரு. இப்ப விட்டுட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

அண்ணன் அழுதுவிட்டார். "நெஜமாவே நடப்பேனாடா?" என்று அன்று பத்துத் தடவை கேட்டிருப்பார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். நடக்கிற மனிதன் மூலையில் இருக்க மாட்டான். சமையலறைக்குப் போவான், வாசலுக்குப் போவான், பிறகு டிப்போவில் பழைய சிநேகிதர்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவான். அவனவன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தால் முக்கோணம் என்ன ஆவது?

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, அண்ணன் தன் மகளோடு இருக்கப் போய்விட்டார் என்றேன். மகளுக்குப் போன் செய்து, அந்தப் பெண் கையை விரித்துவிட்டார், இதை அப்பாவிடம் பேசி அவர் மனதை உடைக்காதே என்றேன். அண்ணனிடம், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றேன். மகள் மட்டும் கொஞ்ச நேரம் அழுதாள். போனில் ஒலித்தரம் சகிக்கவில்லை, சீக்கிரம் வைத்துவிட்டேன்.

நான் அவரைப் பட்டினி போட்டதாக யாரும் சொல்ல முடியாது. இளைத்தால் மூலை மறுபடி உறுமுமே. எடை எண்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே இறங்காமல் மூன்று வேளையும் கையால் ஊட்டினேன். பாட்டுக்கு நடுவே அவர் புரண்டால் கட்டில் கிறீச்சிட்டது. அதனால் சாயங்காலப் பாலில் ஒரு தூக்க மாத்திரையைக் கரைத்தேன். டாக்டர் எனக்கு எழுதித் தந்தது. எனக்குத் தூக்கம் நன்றாகவே வரும். டாக்டரிடம் மட்டும் வராது என்று சொல்லியிருந்தேன். அக்கம்பக்கத்தில் கேளுங்கள், தம்பி என்றால் இவனல்லவா தம்பி என்பார்கள்.

ஆனால் அண்ணன் பிடிவாதக்காரர். நான் ஆபீசுக்குப் போனதும், அந்தப் பெண் கற்றுக்கொடுத்ததைத் தனியாகவே செய்து பழகியிருக்கிறார். நான்கு மாதம். என்னிடம் மூச்சு விடவில்லை.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது மூலை உறுமியது. இசைத்தட்டில் கோளாறில்லை, ஸ்பீக்கர் நகரவில்லை. திரும்பினேன். அண்ணன் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலிலும் நின்றிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"பாத்தியாடா? நின்னுட்டேன்."

"நின்னுட்டீங்கண்ணா."

"பாப்பாவுக்குப் போன் போடு. நானே சொல்றேன்."

"முதல்ல கொஞ்சம் பால் குடிங்க. களைச்சுப் போயிருக்கீங்க."

தோளைப் பிடித்து மெதுவாகப் படுக்கவைத்தேன். அன்று ஒரு மாத்திரை அல்ல. அட்டையில் மீதியிருந்தது அத்தனையும். "கசக்குதுடா," என்றார். சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். இசைத்தட்டைத் திருப்பி வைத்துவிட்டு நாற்காலிக்கு வந்தேன். அவர் மூச்சு கொஞ்ச நேரம் சத்தமாக இருந்தது, பிறகு அதுவும் தொந்தரவு செய்யவில்லை. அந்தக் கூடம் அவ்வளவு சுத்தமாக ஒலித்ததே இல்லை. மறுநாள் மாலை வரை யாரையும் கூப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் மகள் கொடுத்த புகாரில், சித்தப்பா அவள் அப்பாவைக் கவனிக்கவே இல்லை என்று ஒரு வரி இருக்கிறதாம். அதை மட்டும் அடித்துவிடச் சொல்லுங்கள். அவர் எழுந்து நின்றதைக் கண்ணைத் திறக்காமலேயே கண்டுபிடித்தவன் நான். எந்தத் தம்பி தன் அண்ணனை இவ்வளவு கவனித்திருப்பான், சொல்லுங்கள்.