தொள்ளாயிரம் டாலர் எஞ்சின்

— அந்தக் காகிதத்த எதுக்கு மடிச்சுச் சட்டைப் பையில வைக்கிற கெல்வின்? எடு வெளிய.

— கத்தாத கிளெனிஸ். ப்ரெண்டன் ஷெட்டுக்கு வெளியதான் நிக்கிறான்.

— நிக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல, எனக்கென்ன, நான் கேண்டீன்ல கறி அடைச்ச மீட் பை சூடாக்கி விக்கிறவ. கார் சோதிக்கிற ஆள் நீதான். இன்னிக்கு ஜெயிச்ச ப்ரெண்டனோட எஞ்சின் வேணும்னு டான்யா ரேஸ் முடிஞ்சு அரைமணி நேரத்துக்குள்ள எழுதிக் குடுத்துட்டா. கடைசி வரைக்கும் ஓடி முடிச்ச யாரா இருந்தாலும் தொள்ளாயிரம் டாலர மேஜைல வச்சா, ஜெயிச்சவன் எஞ்சினக் கழட்டி எடுத்துட்டுப் போகலாம். ஜெயிச்சவன் மாட்டேன்னா வருஷம் முழுக்க அவன் ஓட முடியாது. இந்த விதிய எழுதினது யாரு?

— நான்தான்.

— எதுக்கு எழுதின?

— தெரியாத மாதிரி கேக்காத. தொள்ளாயிரத்துக்குப் போயிடும்னு தெரிஞ்சா எவனாவது பதினஞ்சாயிரம் போட்டு எஞ்சின் செய்வானா? பழைய கார், பழைய எஞ்சின், சனிக்கிழமை பொழுது போகணும். அதுக்குத்தான்.

— பதினேழு வருஷத்துல ஒருத்தராவது கேட்டிருக்காங்களா?

— எப்படிக் கேப்பாங்க? சனிக்கிழமை ஒருத்தன் எஞ்சினக் கழட்டிட்டு, மறுநாள் சர்ச்சுல அவன் பக்கத்துல உக்காந்து பாட்டுப் புஸ்தகத்தப் பகிர்ந்துக்கணுமே.

— அதத்தான் ப்ரெண்டன் நம்பினான். நம்ம ஊர் மரியாதைய நம்பி எஞ்சினுக்குள்ள ஒரு வீட்டையே கட்டி வச்சிருக்கான். வரிசையா அஞ்சு பந்தயம் அவனுக்கு. இருபத்திரெண்டு கார் ஓடின பழைய கார்ப் பிரிவு இது. இன்னிக்கு எத்தன?

— ஏழு.

— ஆறுக்குக் கீழ போனா?

— கமிட்டி பிரிவையே தூக்கிடும். எனக்குத் தெரியாதா கிளெனிஸ்? ஆனா மண் டிராக்குல புழுதி அடங்கத் தண்ணி அடிக்கிற லாரி அவனோடது. ஒரு பைசா வாங்காம அடிக்கிறான். அதையும் ஓட்டிட்டுப் போயிட்டான்னா அந்தப் புழுதியில எவன் கார் எங்க இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?

— அதையும்தான் சொல்லிட்டிருக்கான். கேண்டீன் ஜன்னல் வழியா எல்லாம் காதுல விழுந்துது. கேக்கணும்னு கேக்கல, வெங்காயம் வதக்கிட்டிருந்தேன், காது சும்மாத்தானே இருக்கு. மொதல்ல விளையாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சான். அப்புறம் டான்யாகிட்ட மூவாயிரம் தரேன், காகிதத்தத் திருப்பி வாங்கிக்கோன்னான். அதுக்கப்புறம்தான் லாரிப் பேச்சு. அவ கையில ஸ்பானரோட நின்னா.

— ஸ்பானரோடயா?

— அவனோட டூல் டப்பாவுலேர்ந்தே எடுத்தது.

— ஸ்கூல் பஸ் ஓட்டுற பொண்ணுக்குத் தொள்ளாயிரம் எங்கேர்ந்து வந்துது?

— புது டயருக்குச் சேத்து வச்சிருந்தா. இதோ, அவளே வரா. நான் போறேன். இல்ல, ஓரமா நிக்கிறேன், நீங்க பேசுங்க.

— கெல்வின், என் காகிதத்துல முத்திரை குத்திட்டீங்களா?

— உக்காரு டான்யா. அந்த எஞ்சின உன் கார்ல மாட்டினா என்ன ஆகும்னு யோசிச்சியா? அவன் இடத்துல நீ நிப்ப. மத்ததெல்லாம் அப்படியேதான் இருக்கும்.

— நான் அத மாட்டப் போறதில்ல.

— அப்ப எதுக்கு?

— டிராக்க விட்டு வெளிய போகட்டும். கேண்டீன் மேஜைக்கு அடியில போட்டு வைக்கிறேன், கிளெனிஸ் அது மேல உருளைக்கிழங்கு மூட்டைய வச்சுக்கட்டும். ஒம்போது வருஷமா ஓட்டுறேன், ஒரே ஒரு தடவ ஜெயிச்சிருக்கேன். தோக்கறது எனக்குப் புதுசில்ல. ஓட்டத் தெரிஞ்சவன்கிட்ட தோத்தா வீட்டுக்குப் போய்த் தூங்கிடுவேன். செக்குல கையெழுத்துப் போடத் தெரிஞ்சவன்கிட்ட தோத்தா தூக்கம் வர மாட்டேங்குது.

— நிச்சயமா மாட்ட மாட்டியே?

— அதான் சொன்னேனே.

— கிளெனிஸ், முத்திரை உன் முழங்கைக்குப் பக்கத்துலதான் இருக்கு. எடு. ப்ரெண்டன உள்ள வரச் சொல்லு, நானே சொல்லிடுறேன். லாரி போனா போகட்டும்.

*

— கெல்வின்தானே? குரலே மாறிப் போச்சே. கடற்கரைப் பக்கம் குடி போனவங்க எல்லாம் இப்படித்தான், ஒண்ணரை வருஷத்துல ஒரு போன் கிடையாது.

— டிராக்க விட்டு வந்தப்புறம்தான் முதுகுவலி போச்சு கிளெனிஸ். சொல்லு. அந்த எஞ்சின் இன்னும் மேஜைக்கு அடியிலதானே கிடக்கு?

— மூணு வாரம் கிடந்துது.

— அப்புறம்?

— நாலாவது வாரம் டான்யா கார்ல பிஸ்டன் உடைஞ்சு போச்சு. வேற எஞ்சின் வாங்கக் காசில்ல, இருந்ததத்தான் உன் மேஜைல வச்சுட்டாளே. ரெண்டு நாள் கேண்டீன்ல வந்து உக்காந்து உருளைக்கிழங்கு மூட்டையவே பாத்துட்டிருந்தா. மூணாவது நாள் மூட்டைய நான்தான் நகத்திக் குடுத்தேன்.

— மாட்டிட்டாளா.

— மாட்டினா. ஸ்டார்ட்டே ஆகல. அது யாருக்கும் அடங்காத சாமான். ஊர்ல அதோட வாகு தெரிஞ்ச ஒரே ஆள் யாரு?

— சொல்லாத.

— வியாழக்கிழமைதோறும் ப்ரெண்டன் வண்டி அவ ஷெட் வாசல்ல. பாக்கணும்னு பாக்கல, நாயக் கூட்டிட்டு நடக்கற வழி அது.

— உன் நாய் செத்து ரெண்டு வருஷமாச்சே.

— பழக்கம் விடல. கேளு. அடுத்த சீசன்ல நாலு பந்தயம் அவளுக்கு. எல்லாரும் ப்ரெண்டனத் திட்டின அதே வார்த்தையில அவளையும் திட்டினாங்க. மெதுவாத்தான், வீட்டுக்குள்ள.

— யாராவது தொள்ளாயிரத்த வச்சு அந்த எஞ்சினக் கேட்டிருக்கலாமே. விதி இருக்கில்ல?

— எவன் கேப்பான்? எல்லார் பிள்ளைங்களும் அவ பஸ்லதானே ஸ்கூலுக்குப் போகுது.

— சரி, மேல சொல்லு.

— ஏப்ரல்ல அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சு, நம்ம சர்ச்சுலதான். தொள்ளாயிரத்துக்கு வெளிய போன எஞ்சின், சீர்வரிசையா அவன் வீட்டுக்கே திரும்பிப் போயிடுச்சு. லாரியும் டிராக்குக்குத் திரும்பி வந்துடுச்சு, அத மறைக்கக் கூடாது. மண்ணு இப்ப புழுதியே இல்லாம கேக் மாதிரி இருக்கு.

— அவன் இப்ப எதுல ஓட்டுறான்?

— புதுசா ஒண்ணு செஞ்சுக்கிட்டான், முன்னத விடப் பெருசா. பொண்டாட்டிகிட்ட தோக்க முடியுமா?

— அப்ப மத்தவங்க விலகி, கார் ஆறுக்குக் கீழ போயிருக்கும், கமிட்டி பிரிவத் தூக்கியிருக்கணுமே.

— தூக்கினா லாரி போயிடுமே. அதனால யாரும் எண்ணிப் பாக்கறதில்ல. வர்ற சனிக்கிழமைகூட பந்தயம் உண்டு. நூத்தம்பது மீட் பைக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

— எத்தன கார் ஓடுது?

— ரெண்டு. ஒரே வீட்டுலேர்ந்துதான் வருது.