மாமாவைக் கூப்பிட்ட விதம்

அன்புள்ள அக்கா,

நம் சினிமாக் கொட்டகையை இடித்த அன்று யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நீ உன் மகள் வீட்டில் இருந்தாய், உனக்குத் தெரிந்திருக்காது. உள்ளே இருந்த நாற்காலிகளை முன்னமே கழற்றி எதிர்ச்சாரியில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பால்கனி மெத்தை நாற்காலியில் இடிக்கும் வேலையை எடுத்த காண்டிராக்டர். அவருக்கு அடுத்து நகராட்சி அதிகாரி. டீக்கடைக்காரர் பழக்கதோஷத்தில் தரை டிக்கெட் பெஞ்சுக்கே போய்விட்டார். இடிக்கும் வண்டியின் டிரைவர் தன் இருக்கையை விட்டு இறங்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். படம் ஓடிய காலத்திலும் அங்கே நான் உட்கார்ந்ததில்லை.

அப்பா தகரக் கூரையும் மணல் தரையுமாக அதை ஆரம்பித்தபோதே வேலை பிரிந்துவிட்டது. மாமா உன்னைக் கட்டிக்கொண்டு மேலே ஆபரேட்டர் அறைக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கீழே கதவுக்கு வந்தேன். பிறகு சுவர் எழும்பியது, பால்கனி வந்தது, மின்விசிறிகள் வந்தன. மெஷின் இரைச்சலில் மாமாவின் காது போனது. எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் கேட்காது. அதனால் படம் மங்கினாலோ நழுவினாலோ கீழேயிருந்து அவருடைய சின்ன ஜன்னலில் டார்ச் அடிப்பேன். வெளிச்சம் பட்டவுடன் சரிசெய்துவிடுவார். ஒருநாளும் தவறியதில்லை.

அதற்குள் ஜனங்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "ஏய் டார்ச்சு, கதாநாயகிக்குத் தலையக் காணோம். உங்க மாமன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டானா?" என்று ஒருவன் கேட்பான், அரங்கமே சிரிக்கும். சில நாள் அம்மாவையும் சேர்த்துத் திட்டுவார்கள். நம் அம்மாவை, அக்கா. படம் விட்டதும் மாமா படியிறங்கி வந்து, "இன்னைக்கு ஜனங்க அமைதியாப் பாத்தாங்க, இல்லடா?" என்பார். நான் தலையாட்டுவேன்.

கூட்டம் குறைந்து, நீயும் நானும் கையெழுத்துப் போட்டு விற்ற பிறகும் அவர் அங்கே போவதை நிறுத்தவில்லை. திரைக்குப் பின்னால் பழைய ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார். டார்ச் அடித்தால் எழுந்து வருவார். நான் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் மறுபடி உள்ளே போய்விடுவார். இடிக்க வந்தவர்கள் அவரால் இரண்டு முறை திரும்பிப் போனது உனக்கே தெரியும்.

அன்று காண்டிராக்டர் கேட்டார். "என்னண்ணே, உங்க மாமா இன்னைக்கும் முதல் ஆட்டத்துக்கு வந்துட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். "போய்ப் பாத்துட்டு வா டார்ச்சு" என்றார் டீக்கடைக்காரர். இந்த வயதிலும் அந்தப் பெயர்தான்.

நான் டார்ச்சோடு உள்ளே போனதை அத்தனை பேரும் பார்த்தார்கள். "மாமா" என்று நான் உரக்கக் கூப்பிட்டதைக் கேட்டார்கள். கூரை ஓட்டை வழியே விழுந்த வெளிச்சத்தில் அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நீட்டினால் தொடலாம். மறுபடியும் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

என் கட்டைவிரல் டார்ச் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. வெயிலில் இத்தனை பேர் காத்திருக்கிறார்களே என்றுதான் தோன்றியது.

வெளியே வந்து, "யாரும் இல்ல" என்றேன்.

அதிகாரி எழுந்தார். "நானும் ஒரு எட்டு பாத்துடறேனே."

"ஒரே தூசி சார். நான் பாத்துட்டேன், உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார். மரியாதை தெரிந்த மனிதர். திரைப் பக்கத்துச் சுவரிலிருந்துதான் ஆரம்பித்தார்கள்.

இடிபாட்டுக்குள்ளிருந்து அவர் உடலை எடுத்த பிறகு, நான் பார்க்கும்போது எங்கேயோ ஒளிந்திருந்திருப்பார் என்று ஊரே பேசி முடித்துவிட்டது. நீ மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "டார்ச் அடிச்சியாடா?" என்று கேட்டாய். "அடிச்சேன்க்கா" என்றேன். "வெளிச்சத்தப் பாத்தும் வரலையா? அப்போ நான் வேணாம்னுதான் போயிட்டாரா?" என்றாய்.

அதன்பிறகு நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, அவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாய் என்று உன் மகள் சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். அவர் உன்னை வேண்டாம் என்று நினைக்கவே இல்லை, அக்கா. நான் டார்ச் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எழுந்து வந்திருப்பார்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். மடித்து, உறையை ஒட்டி, அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். உன் மனக்குறையை என்னால் தீர்க்க முடிந்ததே, அது போதும் எனக்கு. இனி வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அன்புத் தம்பி