அடிபம்பில் வந்த விடை

ஆராய்ச்சி மாணவர்களே, மணி அடிச்சுட்டாங்க, எனக்குக் கொடுத்த நேரம் முடியப் போகுது. ஆனா ஒரு சம்பவம் தொண்டையிலேயே நிக்குது... அதைச் சொல்லாம இந்த மைக்கை விடமாட்டேன். சின்னக் கதைதான். அஞ்சு நிமிஷம் காது கொடுங்க.

மெஹருன்னிசான்னு ஒரு ஆராய்ச்சிப் பொண்ணு. உங்களை மாதிரியே கணக்குப் படிச்சவங்க. அவங்களுக்கு அரசாங்கம் ஒரு ஆய்வு கொடுத்தது. கீழ்ச்சாத்தனூர்னு ஒரு ஊர். ஊருக்குப் பக்கத்துல தோல் பதனிடுற கம்பெனியோட கழிவுக் குட்டை. அந்தக் கழிவு பூமிக்கு அடியில எந்தப் பக்கம் போகுது, எத்தனை வேகத்துல போகுது... இதைக் கண்டுபிடிக்கணும்.

மெஹருன்னிசா ரெண்டு மாசம் அந்த ஊர்லயே இருந்தாங்க. பச்சையம்மான்னு ஒரு அம்மா வீட்டுல சாப்பாடு. வயல்ல கூலி வேலை செய்யிற அம்மா. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணுக்குக் கூழும் மோர் மிளகாயும் எடுத்து வச்சுட்டுப் போவாங்க. ஊர் பூரா குழி போட்டு, மண்ணை எடுத்து, தண்ணியை எடுத்து, எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினாங்க மெஹருன்னிசா.

அப்புறம் கம்ப்யூட்டர் வேலை. அந்த ஊரோட அடிநிலத்தையே சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சாங்க. இந்தக் கட்டத்துலேர்ந்து அந்தக் கட்டத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி நகருதுன்னு சமன்பாடு எழுதினாங்க. ரெண்டு வருஷ உழைப்பு. விடை வந்தது. இன்னும் அஞ்சு வருஷத்துல அந்தக் கழிவு கிழக்குத் தெரு அடிபம்புக்கு வந்து சேரும். மேற்கே ஒரு பாறை குறுக்கே கிடக்கு, அதனால மேற்குக் கிணத்தை அது தொடவே தொடாது.

அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தாங்க, அது ஏதோ ஒரு ஃபைலுக்குள்ள போச்சு. பத்திரிகையில கட்டுரை வந்தது. டாக்டர் பட்டம் வந்தது. வெளிநாட்டு மாநாட்டுல எல்லாரும் எழுந்து நின்னு அவங்களுக்குக் கை தட்டினாங்க. அந்த அறிக்கை எந்த மொழியில இருந்தது? கேக்கவே வேணாம். கீழ்ச்சாத்தனூர்ல யாராவது படிச்சாங்களா? அதையும் கேக்க வேணாம்...

ஏழு வருஷம் போச்சு. தான் சொன்ன விடை சரிதானான்னு பார்க்க மெஹருன்னிசா மறுபடி அந்த ஊருக்கு வந்தாங்க. கிழக்குத் தெரு அடிபம்புல நாலஞ்சு பேர் குடத்தோட நிக்கிறாங்க. அதுல ஒருத்தர் பச்சையம்மா. பார்த்ததுமே அடையாளம் தெரிஞ்சு, இளைச்சுட்டியே கண்ணுன்னு கன்னத்தைத் தடவினாங்க. சோதனைக்குத் தண்ணி வேணும்னதும் தன் குடத்தை நகர்த்தி வச்சுட்டு, அவங்களே பம்பை அடிச்சுக் கொடுத்தாங்க.

குப்பியில தண்ணியைப் பிடிச்சு, கழிவு கலந்திருந்தா நிறம் மாத்திக் காட்டுற மருந்தை ரெண்டு சொட்டு விட்டாங்க மெஹருன்னிசா. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி... ஊதாவா மாறிச்சு. கையில இருந்த நிற அட்டையோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அன்னைக்குக் கம்ப்யூட்டர் சொன்ன அளவும் இதுவும் ஏறக்குறைய ஒண்ணு.

அந்த நேரத்துல அவங்க மனசுல வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். ஆமாங்க... சந்தோஷம். முகமெல்லாம் சிரிப்பா, "அக்கா, சரியா வந்திருக்கு"ன்னாங்க.

பச்சையம்மாவும் சிரிச்சாங்க. நம்ம பொண்ணு பரீட்சையில பாஸாயிட்டான்னா சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. சிரிச்சுக்கிட்டே தன் குடத்தை மறுபடி பம்புக்கு அடியில வச்சு அடிக்க ஆரம்பிச்சாங்க.

குடத்துல தண்ணி விழுற சத்தம்... அதைக் கேட்டப்பதான் மெஹருன்னிசாவுக்கு உறைச்சது. குப்பியைக் கீழே போட்டாங்க. ஓடிப்போய் பம்புக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டாங்க. இந்தத் தண்ணியில விஷம் இருக்கு, குடிக்காதீங்கன்னு திக்கித் திக்கிச் சொன்னாங்க.

பச்சையம்மாவுக்கு முதல்ல புரியல. என்னிக்கு வந்ததுன்னு கேட்டாங்க. ரெண்டு வருஷமா இருக்கும்னாங்க மெஹருன்னிசா. அந்த அம்மா மெதுவா இன்னொண்ணு கேட்டாங்க.

"உனக்கு எப்ப தெரியும் கண்ணு?"

"...ஏழு வருஷமா தெரியும்க்கா. அறிக்கையில எழுதிக் கொடுத்துட்டேன்."

பச்சையம்மா திட்டல, அழல. குடத்துத் தண்ணியைக் கீழே கவுத்தாங்க. அப்புறம் சொன்னாங்க:

"என் வீட்டுக்கு வழி உனக்குத் தெரியுமேம்மா."

...



மெஹருன்னிசா தன் ஊருக்குத் திரும்பல, அங்கேயே தங்கினாங்க. பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல சாக்பீஸால தெருத் தெருவா படம் வரைஞ்சு, விஷம் எங்க வந்திருக்கு, எங்க வராதுன்னு தமிழ்ல விளக்கினாங்க. ஊர் ஜனத்தோட கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தாங்க. இது முன்னாடியே தெரிஞ்ச விஷயமான்னு அங்க கேட்டப்ப, எல்லார் முன்னாடியும், "எனக்குத் தெரியும். நான் வந்து சொல்லல"ன்னாங்க. நாலு மாசத்துல மேற்குக் கிணத்துலேர்ந்து குழாய் வந்தது. விஷம் தொடாதுன்னு கம்ப்யூட்டர் காட்டின அதே கிணறு. நாலு மாசம்தாங்க... ஏழு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தாலும் நாலு மாசம்தான் ஆகியிருக்கும்.

அந்த ரெண்டு வருஷத் தண்ணி யார் யார் உடம்புல என்ன பண்ணியிருக்கு? அதை இன்னும் யாரும் கணக்குப் போடல.

ஆராய்ச்சி மாணவர்களே, ஏன் இதை உங்ககிட்ட சொல்றேன்? அந்தப் பொண்ணு போட்ட கணக்கு தப்பா? ஒரு புள்ளி தப்பில்ல. கணக்கு மட்டும் இல்லேன்னா மேற்குக் கிணறு பத்திரம்னு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அப்ப எது தப்பு? விடை தெரிஞ்சவங்க, அந்த விடை யாரைப் பத்தினதோ அவங்ககிட்ட சொல்லல. அரசாங்கப் பணத்துல ஆய்வுன்னு சொல்றோம்... அது, தீப்பெட்டி வாங்கினாக்கூட வரி கட்டுற பச்சையம்மாவோட பணம். அவங்க செலவுல கண்டுபிடிச்சதை அவங்களுக்கே சொல்லாம இருந்தா, அதுக்கு என்ன பேரு வைப்பீங்க?

வெள்ளமோ, நோயோ, புயலோ... நீங்க கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்கிற ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு ஊர் இருக்கு. அந்த ஊர் பேரை இப்பவே உங்க நோட்டுல எழுதுங்க. அங்க போற பஸ் எத்தனை மணிக்குன்னு வெளியில போனதும் விசாரிங்க.