பச்சைப் புள்ளி

எங்கள் குடியிருப்பில் செருப்பைத் தவிர வேறெதையும் யாரும் அதனதன் இடத்தில் வைப்பதில்லை. கணினியிலும் அப்படித்தான். சம்பளச் சீட்டு, பூஜையில் எடுத்த போட்டோ, டாக்டர் கொடுத்த ரிப்போர்ட், எல்லாம் டெஸ்க்டாப்பிலேயே இறைந்து கிடக்கும். வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "ஆச்சா, ஆச்சா, செல்வம்தா" என்று, சரி அண்ணா என்பதை வங்காளத்தில் சொல்லி, தலையாட்டுவார்கள். அடுத்த வாரம் போனால் இன்னும் நாலு சேர்ந்திருக்கும். நடந்ததற்கெல்லாம் இந்தப் பழக்கம்தான் காரணம் என்று போலீஸிடம் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் இலாகாவிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், அதுவும் தமிழ்க்காரர். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், ஐயா.

வங்காளத்துப் பெஹாலாவில் இருக்கும் இந்த மத்திய அரசுக் குடியிருப்பில் மாடிக்கு மாடி வயர் இழுத்துக் கணினிகளை இணைத்தவன் நான்தான். ஆபீஸில் கணினிப் பிரிவு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்வேலை. "ஊருக்கெல்லாம் கம்பி இழுக்கறீங்க, நம்ம வீட்டுக் குழாய் ஒழுகிக்கிட்டே கெடக்கு" என்பாள் என் மனைவி சௌந்தரம். தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழ்ப் பாட்டு வேண்டும், வங்காளிகளுக்கு அவர்கள் பாட்டு. ஒருவரிடம் இருப்பதை இன்னொருவர் எடுத்துக்கொள்ள அப்போதே ஒரு பகிர்வு மென்பொருள் இருந்தது. ஆனால் அதைத் தனியாகத் திறந்து, எந்த ஃபோல்டரைப் பகிர்வது என்று சொல்ல வேண்டும். காலேஜ் பிள்ளைகளைத் தவிர யாருக்கும் அது பிடிபடவில்லை.

ஆகவே, இலவசமாகக் கிடைத்த ஓர் இயங்குதளத்தை எடுத்து, அந்தப் பகிர்வை அதற்குள்ளேயே புதைத்து, சொந்தமாக ஒரு சிடி போட்டேன். கணினியைப் போட்டால் போதும், பகிர்வும் தானே ஓடும். திரையின் இடப்பக்கம் அண்டை வீட்டார் பெயர்கள் வரும். அந்த வீட்டில் கணினி ஓடிக்கொண்டிருந்தால் பெயரின் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். பெயரைக் கிளிக் செய்தால் அவர்கள் பகிர வைத்த பாட்டுகள். நவராத்திரிக்குப் போடும் பூஜைப் பந்தலில் பாட்டுப் போடும் கணினிக்கும் இதையே போட்டுக் கொடுத்தேன். எந்த வீட்டில் புதிதாக ஒலிக்கோப்பு வந்தாலும் அது தானாக எடுத்து வரிசையில் சேர்த்துக்கொள்ளும். எல்லாரும் மெச்சினார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

என் மகள் சாதனா இந்த ஊரில் பிறந்தவள். வங்காளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஒரே பிள்ளை. சின்ன வயதில் கீழே விழுந்தால் பக்கத்தில் நிற்கும் அம்மாவைத் தாண்டிக்கொண்டு என்னிடம்தான் ஓடிவருவாள். இரண்டாயிரத்து ஐந்தில் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது, பூஜை முடிந்து போய்ச் சேர வேண்டும். அதற்குச் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்த மழைக்காலத்தில் அவள் கணினியைப் பழுதுபார்க்க உட்கார்ந்தேன். அதில் அவள் குரல் இருந்தது. எழுதுவதற்குப் பதிலாக மைக்கில் பேசிப் பதிந்து, டாக்குரியாவிலிருக்கும் அனிர்பான் என்ற பையனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அவனுக்கும் புனேயில்தான் வேலை. காலேஜ் சுற்றுலா என்று எங்களிடம் சொல்லிப் போனது அவனோடு தீகா கடற்கரைக்கு. அங்கே இருவரும் தங்கியதைப் பற்றி, ஒரு பெண் தன்னவனிடம் மட்டும் பேசுகிற விதத்தில் பேசியிருந்தாள். கடைசியில், வங்காளத்தில்தான், இப்படிச் சொல்லியிருந்தாள்: "அப்பாகிட்ட நானே சொல்றேன். நீ பயப்படாதே. அவர் புரிஞ்சுப்பார்."

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. பயம் வந்தது. அவள் சொல்லி, நான் சரி என்றால் போய்விடுவாள். கூடாது என்றால் இன்னும் சீக்கிரம் போய்விடுவாள். எப்படிப் பார்த்தாலும் அந்த அறை காலியாகிவிடும். அந்தப் பையனின் அத்தை எங்கள் மூன்றாவது பிளாக்கில் இருக்கிறார். அந்தக் குரல் அவர் காதில் விழுந்தால், பையனின் அம்மா காதுக்குப் போகும், சம்பந்தம் முறிந்துவிடும். சாதனா அழுதுகொண்டு என்னிடம் வருவாள். "போனாப் போறான் பாப்பா, அப்பா இருக்கேன்ல" என்று சொல்ல வேண்டியதைக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

முழுப் பூசணிக்காயை ஒருவர் தட்டுச் சோற்றில் மறைக்க முடியாது. ஊர்ச் சோறு மொத்தமும் இருந்தால் மறைக்கலாம். பூஜைக்கு முன்னால் புதிய சிடி கொடுத்தேன். அதில் பகிர்வு ஃபோல்டர் மட்டுமல்ல, டெஸ்க்டாப் முழுவதும் எல்லாருக்கும் திறந்திருக்கும். அறிவிப்பு எதுவும் வராது. ஒருவருடைய நோய் வெளியே தெரிந்துவிட்டது. இன்னொரு வீட்டில் பெண்ணுக்கு வந்த வரன் தட்டிப்போனது. அவர்களுக்காக வருந்துகிறேன். ஆனால் தவறு மென்பொருளுடையது என்று எல்லாரும் நம்புவதற்கு அதுவும் உதவியது.

அஷ்டமி காலை. புஷ்பாஞ்சலிக்காகப் பந்தலில் எல்லாரும் கையில் பூவோடு நின்றிருந்தோம். மேளம் நின்றது, ஒலிபெருக்கியில் அடுத்த பாட்டு வர வேண்டும். சாதனாவின் குரல் வந்தது.

"நம்ம பாப்பா குரலுங்க" என்றாள் சௌந்தரம் சிரித்துக்கொண்டே. மகளைப் பாடச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம். அவளுக்கு வங்காளம் முழுதாகப் புரிய நேரமாகும். சுற்றி நின்றவர்களுக்கு உடனே புரிந்தது. ஒருவர் ஓடிப்போய் வயரைப் பிடுங்குவதற்குள் தீகா வந்து போய்விட்டது. "அவர் புரிஞ்சுப்பார்" என்பதும் வந்தது.

சாதனா சிவப்புக் கரை போட்ட புடவையில் நின்றிருந்தாள். ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வருவாள் என்று நான் கையைக்கூடக் கொஞ்சம் நீட்டினேன். அவள் கையிலிருந்த பூவை ஒரு நாற்காலியின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். சாயங்காலம் டாக்குரியா ஏரியிலிருந்து அவளைக் கொண்டுவந்தார்கள்.

பையனின் அம்மா வந்து சௌந்தரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று மத்தியானமே சாதனாவைக் கூட்டிப்போகத்தான் புறப்பட்டு வந்தாராம். என் மருமகளை யார் என்ன சொல்லிவிடுவார்கள் என்று கேட்டார். அந்தப் பெண்மணியை நான் தப்பாகக் கணித்துவிட்டேன்.

போலீஸிடம் நான் இரண்டு பொய் சொன்னேன். பந்தல் கணினி தானாகப் பாட்டெடுக்கும் என்பதை மறந்துவிட்டேன் என்றது ஒன்று. மறக்கவில்லை. அத்தை ஒருத்தி மட்டும் கேட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஊரே கேட்டால் மூட முடியாது. இன்னொன்று, ஆரம்பத்தில் சொன்னேனே, பழக்கம், அது. இந்தக் குடியிருப்பிலேயே கோப்புகளை ஒழுங்காக அதனதன் இடத்தில் வைத்தவள் சாதனா ஒருத்திதான். நான் கற்றுக் கொடுத்ததை அப்படியே கேட்டு நடந்தவள். அவள் டெஸ்க்டாப்பில் ஒரு துரும்பு கிடையாது. அந்தப் பதிவை உள்ளே ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பத்திரமாக வைத்திருந்தாள். மகாலயா அன்று அவள் புடவை வாங்கப் போயிருந்தபோது அதை எடுத்து டெஸ்க்டாப்பில் வைத்தவன் நான். என் மகளை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வயர்களை இன்றே கழற்றிவிடப் போவதாகச் சொன்னீர்கள். கழற்றுங்கள். அவள் அறையிலிருக்கும் கணினியையும் அதிலிருந்து என் கணினிக்கு வரும் வயரையும் மட்டும் விட்டுவிடுங்கள். அன்றிலிருந்து அதை நான் அணைக்கவில்லை. "அந்தப் பச்சையப் பாக்க முடியலீங்க, அணைச்சிருங்க" என்று சௌந்தரம் கெஞ்சினாள். பிறகு திருச்சிக்கு, அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். தாய்தானே, தாங்க முடியவில்லை. எனக்கு அப்படியில்லை. ஆபீஸிலிருந்து வந்ததும் என் கணினியின் திரையைத் திறப்பேன். சாதனா என்ற பெயர் இருக்கும், பக்கத்தில் பச்சைப் புள்ளி இருக்கும். நேற்றுகூட யாரோ ஒரு பிள்ளை அவளிடமிருந்து ஒரு பாட்டு எடுத்தது. பாருங்கள், புனேக்கும் போகவில்லை, வேறெங்கும் போகவில்லை. என் பெண் வீட்டில்தான் இருக்கிறாள்.