கேமராவப் போடு ஜீவிதா!

– ...மூணு வாரமா ஆன்லைன் கிளாசுல ஒரு நாளாச்சும் கேமராவப் போட்டியா ஜீவிதா?

– சிறுமலையில சிக்னல் இல்ல, சத்யபிரியா மேடம்.

– பேச்சு மட்டும் கணீர்னு வருது?

– பேச்சுக்குக் கொஞ்சூண்டு போதும்ல...

– நாளைக்கு வரலாறு வாய்மொழித் தேர்வு. மூஞ்சியக் காட்டலேன்னா ஒரு வருசப் படிப்பும் போச்சு. காலேஜுல கறாராச் சொல்லிட்டாங்க.

– ஐயையோ, ஒரு வருசமா!

– ஏன் பதறுற? கிளாசுலயே நீதான கெட்டிக்காரி.

– எல்லாம் நீங்க நடத்துற நடத்து. முந்தியெல்லாம் ஸ்லைட வாசிச்சிட்டு ஓடிருவீகளாம்...

– ஓடிருவீக'ளாம்'மா? ஏன், நீ அப்ப இல்லையா?

– இருந்தேன், இருந்தேன்! இப்ப பேரச் சொல்லிக் கூப்புடுறீக. கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கீக. அதுக்குள்ள ரெண்டு பிடி மிளகு உதுத்துருவேன்.

– கிளாசுல மிளகு உதுக்குறியா?

– கை அங்க, காது உங்ககிட்ட. ஆனா மேடம்... முந்தாநேத்து 'எல்லாரும் வாயில வெரல வைங்க'ன்னீகளே?

– அது... சும்மா வெளையாட்டுக்கு.

– 'ஒன்னுக்குப் போறவுக கேட்டுட்டுப் போங்க'ன்னதும் வெளையாட்டுக்கா?

– பேச்ச மாத்தாத. இப்பவே வீடியோல வா.

– நீங்களும்தான் மூணு வாரமா கேமராவப் போடல. மொதல்ல நீங்க வாங்க.

– நான் இன்னும் மூஞ்சி கழுவல.

– நானும் கழுவல மேடம்.

– ஜீவிதா!

– ஒரு வருசப் படிப்பு போயிருமே மேடம்...

– ஏய், அழுகுறியா?

– இல்ல கண்ணு... நான் அவ ஆத்தா, கண்ணம்மா. புள்ள திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டா. கிளாசுக்கு வரலேன்னா பேர அடிச்சுருவாகளேன்னு ஒரு நா அவளுக்குப் பதிலா உக்காந்தேன், நீங்க நடத்துன ருசியில எந்திரிக்க முடியல. அவ படிப்பக் கெடுத்துராதீக! நாளைக்கு அவளையே வரச் சொல்றேன். ஆனா இந்த மூணு வாரப் பாடத்துல அவளுக்கு ஒண்ணுமே தெரியாதே...

– தெரியாட்டி என்னக்கா? கேள்வி கேக்க வர்ற சத்யபிரியாவுக்கும் தெரியாது. கல்யாணமாகி மூணு வாரமா விருந்துக்குப் போனவ இன்னைக்குத்தான் வந்து எறங்குனா. நான் அவ அக்கா தீபா, வத்தலக்குண்டுல ஒன்னாப்பு டீச்சரு. அதுக ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்து முழிக்கட்டும். பாடம் நடத்துனது நானு, படிச்சது நீங்க!